ஆறரை மார்க் மாப்பிள்ளை

ஜூன் 3, செவ்வாய்

இந்துவை ராஜபாளையத்தில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு இன்று காலைதான் கோவை வந்து சேர்ந்தேன். வளைகாப்பு நன்றாக நடந்தது. புளியோதரை பிரமாதம். தேங்காய்ச் சாதம் சுமார். "எப்படி இருந்துச்சு மாப்பிள்ளை?" என்று அத்தை கேட்டார்கள். "அதுல ஒரு விஷயம் என்னன்னா அத்தை, தயிர்ச் சாதத்துல உப்பு இல்ல" என்றேன். கேட்டதால்தான் சொன்னேன். அதற்கப்புறம் அவர்கள் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

கிளம்பும்போது இந்து இந்த டைரியைக் கையில் திணித்தாள். நகைக்கடையில் இனாமாகக் கொடுத்தது, மே மாதம் வரை காலி. "ஊர்ல இருக்குற கேமுக்கெல்லாம் பக்கம் பக்கமா எழுதுறீங்கள்ல? நீங்க தினமும் என்ன பண்ணுனீங்கன்னு இதுல எழுதுங்க. குழந்தை பொறந்ததும் நான் படிப்பேன்" என்றாள். படிக்கட்டுமே. மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது?

இரண்டே இரண்டு உத்தரவுகள். மாவைப் புளிக்க விடக்கூடாது. பால்கனியில் இருக்கும் கறிவேப்பிலைச் செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

நாளைக்கு என் பிள்ளையும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு விளக்கம். உன் அப்பன் பெயர் நேசன். 'கட்டைவிரல்' என்ற இணையதளத்தில் வீடியோ கேம்களுக்குத் தமிழில் விமர்சனம் எழுதிப் பத்துக்கு மார்க் போடுகிறவன். வாசகர்கள் எனக்கு 'ஆறரை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்காக நான் வருத்தப்படவில்லை. ஒன்பது மார்க் கேமைப் பாராட்ட யாராலும் முடியும். குப்பையைத் திட்டுவது அதைவிடச் சுலபம். ஒரு கண் அழகாகவும் ஒரு கண் மாறுகண்ணாகவும் வந்து நிற்கிற கேம் இருக்கிறதே, அதற்கு நியாயம் சொல்வதுதான் உயிரை வாங்கும் வேலை. ஊரில் வருகிற கேம்களில் முக்கால்வாசி அப்படித்தான் இருக்கின்றன. நான் என்ன செய்ய?

எனக்கு இரண்டு விதிகள். தளத்தின் முகப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். உறவினர், நண்பர் செய்த கேமுக்கு மார்க் கிடையாது. முழுதாக ஆடி முடிக்காமல் மார்க் கிடையாது.

இன்று ஒரு மின்னஞ்சல் வந்தது. 'கடைசி இலை' என்ற புதிய குழு, நாலு பேர். எழுதியவர் பெயர் ரஃபீக். கேமின் பெயர் 'பந்தி'. கல்யாண வீட்டில் சாப்பாடு பரிமாறும் கேமாம், ஏழு பந்தி. கடைசி வரியை அப்படியே இங்கே எழுதுகிறேன்: "எங்களில் ஒருவருக்கு வெளிநாட்டில் வேலை தயாராக இருக்கிறது, இம்மாதம் 28ஆம் தேதி விமானம். அவர்தான் இந்தக் கேமை யோசித்தவர். உங்கள் விமர்சனத்தைப் பார்த்துவிட்டுப் போவதா இருப்பதா என்று முடிவு செய்வதாகச் சொல்கிறார்."

இந்த மாதிரிக் கடிதங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். கண்ணீருக்கெல்லாம் மார்க் கிடையாது.

ஜூன் 8, ஞாயிறு

இரண்டு பந்தி ஆடியாகிவிட்டது. மோசமில்லை. மணப்பெண்ணின் தம்பிதான் நாம். இலை போட வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போக வேண்டும். பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தால் ஆட்டம் முடிந்தது. மணப்பெண்ணின் அம்மா யார் எழுந்தாலும் தோளை அமுக்கி, "இன்னும் ஒரு கரண்டி, என்ன கொறஞ்சு போச்சு?" என்கிறார். எங்கள் அத்தை மாதிரியே இருக்கிறார். கழுத்துச் சங்கிலியைப் பல்லில் கடித்துக்கொண்டு யோசிப்பதுகூட அப்படியே. எல்லா ஊரிலும் அம்மாக்கள் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

இன்னொரு பாத்திரம், வீட்டு மாப்பிள்ளை. மூக்குக் கண்ணாடி. ஃபேனுக்கு நேர் கீழே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, கையில் போன். எதைப் பரிமாறினாலும் "அதுல ஒரு விஷயம் என்னன்னா…" என்று ஆரம்பிப்பார். தலைக்கு மேல் ஒரு எண் மிதக்கும். எண் இறங்கினால் பந்தியே மந்தமாகிவிடும். எரிச்சலூட்டும் பிறவி.

மாலையில் அத்தை பேசினார்கள். என் மச்சினன் தினகருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்திருக்கிறதாம், அவன் பிடிகொடுக்காமல் இருக்கிறானாம். "ரெண்டு வருஷமா கம்ப்யூட்டர வச்சு எதையோ தட்டிட்டே இருக்கான் மாப்பிள்ளை. நீங்களாவது சொல்லக்கூடாதா?" என்றார்கள். அவன் என்ன தட்டுகிறான் என்று நான் கேட்டதில்லை. மனிதர்களுக்கு ஒரு தனிமை வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். (நேற்று, முந்தாநாளைக்கும் சேர்த்து.)

ஜூன் 11, புதன்

மூன்றாவது பந்தியைப் பதினோரு முறை ஆடினேன். பிடித்துப்போய் அல்ல, வேலை நிமித்தம். வாளியைத் தரையில் வைக்கும்போது ஒரு சத்தம் வருகிறது: முதலில் 'ணங்', அப்புறம் பிடி சாய்ந்து 'டிக்'. அந்த 'டிக்'கை எந்தப் புண்ணியவான் யோசித்தானோ! அதைக் கேட்பதற்காக நடக்கும் வழியெல்லாம் வாளியை வைத்து வைத்து எடுத்தேன்.

குறைகளும் இருக்கின்றன. இலை திருப்பும் பட்டனும் தண்ணீர் தெளிக்கும் பட்டனும் ஒன்றே. சம்பந்தி முகத்தில் நாலு முறை தண்ணீர் அடித்துவிட்டேன்.

மாவு புளித்துவிட்டது. ஊத்தப்பம் ஊற்றினேன், நன்றாகவே வந்தது.

ஜூன் 12, வியாழன்

நாலாவது பந்தி. பாயசம் வருவதற்கு முன்னால் மோர் வந்துவிட்டது என்று அந்த மாப்பிள்ளை இலையை மூடிவிட்டு எழுந்து போகிறார். மண்டபமே பின்னால் ஓடுகிறது. அவரைச் சமாதானப்படுத்த இருபது நிமிடம் ஆட வேண்டியிருக்கிறது. நடக்கிற காரியமா இது? என் கல்யாணத்திலும்தான் மோர் முந்திக்கொண்டு வந்தது. நான் எழுந்தேன், வாஸ்தவம். ஆனால் நான் கை கழுவத்தான் எழுந்தேன். அவர்களாக ஓடி வந்தால் அதற்கு நானா பொறுப்பு?

செடியில் இரண்டு இலை மஞ்சளாகியிருக்கிறது. வெயில் காரணம்.

ஜூன் 14, சனி

ஐந்தாவது பந்தி. நடு மண்டபத்தில் ஒரு தூண். வாளியோடு தூண் பக்கம் போனால் வாளி தூணுக்குள் போய்விடுகிறது. கை வெளியே, வாளி உள்ளே. எழுபது பேர் இலையில் வெறும் சோற்றை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

மறுபடியும் தூண். மூன்று முறை. மூன்றாவது முறை கையிலிருந்த கன்ட்ரோலரைச் சோபாவில் எறிந்தேன். சோபாவுக்கு எதுவும் ஆகவில்லை.

நாளைக்கு விமர்சனம் வரும் என்று தளத்தில் அறிவித்தாகிவிட்டது. மிச்சம் இரண்டு பந்திதான். முதல் ஐந்து எப்படியோ அப்படித்தான் இருக்கும். ஒரு பானைச் சோற்றை முழுதாகத் தின்றுதான் வெந்ததா என்று பார்க்க வேண்டுமா?

ஜூன் 16, திங்கள்

வெளியிட்டாயிற்று. முக்கியப் பகுதியை இங்கே ஒட்டிவைக்கிறேன், இந்துவுக்காக.

"கிட்டத்தட்ட முழுதாக ஆடிப் பார்த்ததில் சொல்கிறேன். பலம்: பேச்சு வழக்கு, வாளிச் சத்தம், மணப்பெண்ணின் அம்மா. குறை: ஐந்தாவது பந்தியில் தூண், ஒரே பட்டனுக்கு இரண்டு வேலை, நடுவில் இழுவை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை அந்த மாப்பிள்ளை. எதற்கெடுத்தாலும் மார்க் போட்டுக்கொண்டு, ஒரு துரும்பையும் நகர்த்தாமல் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் இப்படி ஒரு ஜென்மம் எந்த வீட்டிலும் இருக்க முடியாது. துளியும் நம்பும்படி இல்லை. இதை யோசித்தவருக்கு மனிதர்களைக் கூர்ந்து கவனிக்கும் பழக்கம் இல்லை என்று தெரிகிறது. மதிப்பெண்: ஆறரை."

நியாயமாக எழுதியிருக்கிறேன். மனது லேசாக இருக்கிறது. பெரும்பாலும்.

ஜூன் 17, செவ்வாய்

இந்துவிடமிருந்து அழைப்பு. "படிச்சேன்" என்றாள். "எப்படி?" என்றேன். "வயிறு வலிக்குது, வைக்கிறேன்" என்றாள். பதறிப்போய் திரும்பக் கூப்பிட்டால், பிரசவ வலியெல்லாம் இல்லையாம், சும்மா வயிறு வலியாம். பின்னால் நாலைந்து பேர் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. டி.வி. ஓடுகிறது போலும்.

அடுத்த அரைமணியில் அத்தை. கல்யாணமான நாலு வருடத்தில் இவ்வளவு பாசமாக என்னிடம் பேசியதில்லை. "உங்க வாய்க்கு சர்க்கரைதான் போடணும் மாப்பிள்ளை. நல்லாச் சாப்பிடுறீங்களா?" என்றார்கள். தயிர்ச் சாத விஷயத்தை மன்னித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கறிவேப்பிலைச் செடி இப்போது செழிப்பாக இருக்கிறது. போனதைவிடச் செழிப்பாக.

ஜூன் 19, வியாழன்

அத்தையிடமிருந்து கூரியர். மைசூர்பாகு, கை முறுக்கு, எள்ளுருண்டை. மைசூர்பாகு எட்டு. இல்லை, எட்டரை.

தினகரிடமிருந்து ஒரு செய்தி: "விமர்சனம் படிச்சேன் அத்தான். தூண் பத்தி எழுதுனது கரெக்ட். மஸ்கட்டுக்கு ஓகே சொல்லிட்டேன்." அவன் என் விமர்சனத்தைப் படிப்பது இதுதான் முதல் முறை. இரண்டு விஷயத்தை ஏன் ஒரே செய்தியில் எழுதினான் என்று தெரியவில்லை. வாழ்த்துக்கள் என்று அனுப்பினேன்.

ஜூன் 21, சனி

பெண் குழந்தை! காலை ஆறு ஐம்பதுக்கு. இரண்டு பேரும் நலம். பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து சீட்காரருக்கு முழு எள்ளுருண்டை டப்பாவையும் கொடுத்துவிட்டேன். அவர் இரண்டு எடுத்துக்கொண்டு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். நல்ல மனிதர்.

ஜூன் 22, ஞாயிறு

நேற்று பஸ்ஸை விட்டு இறங்கியபின் எழுதும் நிலையில் இல்லை. குழந்தையைப் பற்றி முதலில்: என் விரலைப் பிடித்தாள். விடவில்லை. அவ்வளவுதான் எழுத முடிகிறது.

அப்புறம் நடந்ததை எழுதித்தான் ஆக வேண்டும். ஆஸ்பத்திரி அறையில் இந்து, நான், அத்தை, தினகர். அத்தை எனக்கு இட்லி வைத்துக்கொண்டே, "எல்லாம் உங்க புண்ணியம் மாப்பிள்ளை. நீங்க மட்டும் எட்டு, ஒம்பதுன்னு போட்டிருந்தீங்கன்னு வையிங்க, இவன் அந்தப் பந்தி கேமக் கட்டிக்கிட்டு இங்கயேதான் அழுவான். ஆறரை போட்டு அனுப்பி வச்சீங்க பாருங்க!" என்றார்கள்.

கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்தேன்.

"எந்தக் கேம்?" என்றேன்.

"அம்மா!" என்றான் தினகர். அத்தை சங்கிலியைப் பல்லில் கடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. சங்கிலி, மோர், மூக்குக் கண்ணாடி, சிவப்பு நாற்காலி. இப்போது நான் உட்கார்ந்திருந்ததும் சிவப்பு நாற்காலிதான். தலைக்கு மேல் ஃபேன் ஓடியது.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று இந்துவிடம் கேட்டேன்.

"சொன்னா மார்க் போட மாட்டேன்னு விதி பேசுவீங்க. தெரியாத ஆளா நெனச்சு நியாயமா போடணும்னுதான் ரஃபீக் பேர்ல அனுப்புனோம். அவன் உங்க ஒரு வார்த்தைக்காகத்தான் ரெண்டு வருஷமா காத்துட்டு இருந்தான்."

"நியாயமாத்தானே போட்டேன்?"

இந்து என்னைப் பார்த்தாள். பிள்ளை பெற்ற களைப்பிலும் அந்தப் பார்வைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. "கடைசிப் பந்தி ஆடுனீங்களா?"

நான் குழந்தையைப் பார்த்தேன்.

"உங்க கேம் காப்பி அஞ்சாவது பந்தியிலயே நிக்குது அத்தான்" என்றான் தினகர், மெதுவாக. "யாரு எது வரைக்கும் ஆடுறாங்கன்னு எங்களுக்கு வந்துரும். ரஃபீக் அத வெளிய போட்டுரலாம்னான். நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஏங்க," என்றாள் இந்து, "பந்தியில பாதியில எந்திரிக்கிறது உங்களுக்குப் புதுசா என்ன?"

வெட்கமாக இருந்தது. இருக்கிறது.

ஜூன் 23, திங்கள்

காலையிலேயே இந்துவையும் குழந்தையையும் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். பத்து மணிக்கு தினகரின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். தூணைச் சுவரோரமாகச் சுற்றிப் போனால் தப்பிக்கலாமாம். யாரிடமாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

ஏழாவது பந்தி. விருந்தாளிகள் எல்லாம் போய்விட்டார்கள். மேளக்காரர்கள், வேன் டிரைவர்கள், ஜெனரேட்டர் பார்க்கிறவர், பாத்திரம் கழுவும் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சமையல்காரரின் ஆட்கள் வேறு கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். பரிமாற நாம் ஒரே ஆள். வாளி கனக்கிறது, இலைகள் காலியாகிக்கொண்டே போகின்றன. எந்தப் பட்டனை அழுத்தினாலும் போதவில்லை. தோற்கப் போகிறோம் என்று தெரிந்துவிடுகிறது.

அப்போது ஃபேனுக்குக் கீழே நாற்காலி நகர்கிற சத்தம். ஆறு பந்தியாக அசையாத அந்த மாப்பிள்ளை எழுந்திருக்கிறார். அவரை நாம் கூப்பிடவே இல்லை. அதற்குப் பட்டனும் கிடையாது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து வாளியை வாங்குகிறார். "நீ ரசத்த எடு, சாம்பார நான் பாத்துக்கிறேன்" என்கிறார். ணங், டிக்.

மறந்தே போயிருந்தேன். நாலு வருடம் முன்னால், என் கல்யாணத்தன்று, கடைசிப் பந்தியில் ஒரு ஒல்லிப் பயல் வாளியோடு தனியாக அல்லாடிக்கொண்டிருந்தான். பாவமாக இருந்தது, போய் வாங்கினேன். அது தினகர் என்றுகூட அன்றைக்குச் சரியாகத் தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல அதில் என்ன இருக்கிறது? ஆனால் அவன் வாளிச் சத்தத்தைக்கூட ஞாபகம் வைத்திருக்கிறான்.

அழுதேன். எழுதினால் என்ன, இந்து எப்படியும் பார்த்துவிட்டிருப்பாள் என்று நினைத்துத் திரும்பினால் அத்தை காப்பியோடு நிற்கிறார்கள். "என்ன மாப்பிள்ளை, சர்க்கரை பத்தலையா?" என்றார்கள். நான் இன்னும் காப்பியைக் கையிலேயே வாங்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

தளத்தில் போட்டது:

"பதினாறாம் தேதி 'பந்தி'க்கு நான் போட்ட ஆறரையை ரத்து செய்கிறேன். காரணம் ஒன்று: ஏழில் ஐந்தைத்தான் ஆடினேன். 'கிட்டத்தட்ட' என்று எழுதியது பொய். காரணம் இரண்டு: இதைச் செய்தவர் என் மனைவியின் தம்பி. அப்போது எனக்குத் தெரியாது, இப்போது தெரியும். ஆகவே என் விதிப்படி மார்க் போட முடியாது. தூண், பட்டன், இழுவை பற்றிச் சொன்னது அப்படியே நிற்கிறது. மாப்பிள்ளை நம்பும்படி இல்லை என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அந்த மாப்பிள்ளை நான்தான். கடைசிப் பந்தி வரை உட்கார்ந்து பாருங்கள்."

இந்துவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "குழந்தையப் பிடிங்க, நான் கொஞ்சம் தூங்குறேன்" என்றாள். இரண்டு மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

ஊரே என்னைக் காறித் துப்புகிறது. துப்பிய கையோடு, "அந்த மாப்பிள்ளையப் பாத்தே ஆகணும்" என்று கேமை வாங்குகிறது. அவரவர் வீட்டு மாப்பிள்ளைக்கு அனுப்புகிறார்களாம்.

தினகரின் பெட்டி கூடத்தில் கட்டித் தயாராக இருக்கிறது. நாளைக்கு விமானம். போகத்தான் வேண்டுமா என்று கேட்க வார்த்தை வாய் வரை வந்துவிட்டது.

ஜூன் 28, சனி

காலையில் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"நெறய வித்துருச்சுன்னு இருந்துட்டியா?" என்றேன்.

"அதுக்கில்ல அத்தான். நீங்க மார்க்க எடுத்துட்டீங்க, குறைய எடுக்கல. தூணு தூணாவேதான் நிக்குது. அத சரி பண்ணாம எப்படிப் போறது? மஸ்கட்டுல வரலன்னு சொல்லிட்டேன். ஆறு மாசம் பாப்போம்."

அத்தை மைசூர்பாகு தட்டை என் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். "ஒரு தடவ எழுதுனா எழுதுனதோட விட வேண்டியதுதான! உங்கள யாரு மாப்பிள்ளை திரும்ப எழுதச் சொன்னது?"

ஜூலை 6, ஞாயிறு

குழந்தைக்குப் பெயர் வைத்தோம். மகிழினி. எண்பது பேர் சாப்பாடு. கடைசிப் பந்திக்கு அத்தையும் தினகரும் உட்கார்ந்தார்கள், நான் சாம்பார் வாளியோடு போனேன். "எப்படி அத்தை இருக்கு?" என்றேன். "உப்பு இருக்கு" என்றார்கள். ஒரு வாய்க்கு அப்புறம், "இன்னும் ஒரு கரண்டி போடுங்க" என்றார்கள்.

சாயங்காலம் 'பந்தி'யின் திருத்திய பதிப்பு வந்தது. மாற்றங்களின் பட்டியலில் கடைசி வரி: "மாப்பிள்ளை பாத்திரம் நம்பும்படி இல்லை என்று ஒரு புகார் வந்தது. விசாரித்ததில் புகார் கொடுத்தவரே அவர்தான். மாற்றம் எதுவும் செய்யவில்லை."

இந்து டைரியைக் கேட்கிறாள். கொடுத்துவிட்டேன்.

(இது இந்து எழுதுவது)

பலம்: அழுததை மறைக்காம எழுதுனது. பஸ்ல எள்ளுருண்டை குடுத்தது. குறை: பால்கனியில இருக்குறது நான் வச்ச செடி இல்ல. போட்டோ கேட்டப்ப அனுப்புனீங்களே, அதுல தொட்டியில நர்சரி ஸ்டிக்கர் அப்படியே இருந்துச்சு. புளிச்ச மாவுல ஊத்தப்பம் நல்லா வந்துச்சுன்னு எழுதுனதும் நம்பும்படி இல்லை. கை கழுவத்தான் எழுந்தேன்ங்கிறதப் பத்தி நேர்ல பேசிக்கலாம்.

மதிப்பெண்: ஆறரை.

கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சுட்டுத்தான் போட்டேன்.